கம்பு பன்னிரண்டு அடி, வண்டி ஆறரை அடி

தூண்டில் கேள்வி-பதில். பதில் சொல்பவர், தூத்துக்குடியில் தூண்டில் ராடுகளுக்கு நரம்பு (தூண்டில் நூல்) ஓடும் வளையம் கட்டுவதும் ஒடிந்ததை ஒட்டிக் கொடுப்பதுமாகத் தொழில் செய்பவர்.

கேள்வி: என்னிடம் பன்னிரண்டு அடி சர்ஃப் ராடு (கரையிலிருந்து கடலுக்குள் எறியும் நீளக் கம்பு) இருக்கிறது. இரண்டு துண்டு. நண்பனும் நானும் பைக்கில் பழவேற்காடு போவோம். பின்னால் உட்காருபவன் ராடைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். இப்போது கை வலிக்கிறது என்று முனகுகிறான். வேறு வழி இருக்கிறதா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: அவர் முனகியது நல்லதாய்ப் போயிற்று. இல்லையென்றால் நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் ராடைக் கழற்றினால் ஒவ்வொரு துண்டும் ஆறடியும் சொச்சமும் வரும். பைக்கின் அகலம் ஹேண்டில் முனையிலிருந்து முனை வரை இரண்டரை அடிக்குள்தான். மடியில் குறுக்கே வைத்துப் பிடித்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட இரண்டடி வெளியே நிற்கும். பக்கத்தில் ஒட்டி முந்துகிற ஸ்கூட்டர்காரருக்கு அது நெஞ்சு உயரம். அவர் பின்னால் குழந்தை நின்றுகொண்டு வந்தால் கண் உயரம். ராடு போனால் என் மேசைக்குக் கொண்டு வரலாம். கண் போனால் எங்கே கொண்டு போவீர்கள்?

ஆகவே குறுக்கே வேண்டாம். பக்கவாட்டில் நீளவாக்கில் கட்டுவதும் சரிப்படாது. ஓட்டுபவரின் இடது கால் குழாய்க்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், சிக்னலில் காலை ஊன்ற முடியாது. மிச்சம் இருப்பது நிமிர்த்திக் கட்டுவதுதான்.

90 மி.மீ. பிவிசி பைப் ஆறரை அடிக்கு வெட்டி வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் விவசாய பைப் என்று கேட்டால் தருவார்கள். 75 மி.மீ. எடுக்காதீர்கள். சர்ஃப் ராடின் அடி வளையம் அகலமானது. இரண்டு ராடுகளைச் சேர்த்து நுழைத்தால் வளையத்தின் கால் வளையும். அடியில் எண்டு கேப் போட்டு சால்வென்ட் தடவி ஒட்டிவிடுங்கள். அதன் நடுவில் விரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை, தண்ணீர் வடிய. உள்ளே அடியில் ஒரு கை இலவம்பஞ்சோ, பழைய யோகா பாயை வட்டமாக வெட்டிய துண்டோ போடுங்கள். மேலே மரை வைத்த மூடி.

இந்தக் குழாயை வண்டியின் இடது பின்பக்கம் நிறுத்துங்கள். நம் ஊர் பைக்கில் சேலை கார்டும், பெண்கள் கால் வைக்கிற தட்டும் அங்கேதான் இருக்கின்றன. குழாயின் அடி அந்தத் தட்டின் மேல் உட்கார வேண்டும், எடையைத் தட்டு தாங்கும். நடுவில் சேலை கார்டோடு ஒரு கட்டு, மேலே பின்பிடிக் கம்பியோடு ஒரு கட்டு. கயிறு வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டினால் குலுக்கலில் நழுவாது. லேசாகப் பின்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். இடது இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. வலது பக்கம் சைலன்ஸர் இருக்கிறது, பிவிசி சூட்டில் இளகிவிடும், அந்தப் பக்கமே போகாதீர்கள். ரீலைக் கழற்றித் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக் கட்டினால் குழாயின் உச்சி தரையிலிருந்து ஏழரை அடிக்கு மேல் வரும். அதாவது உங்கள் தலைக்கும் மேலே. இதை மறந்துவிட்டுத்தான் எல்லோரும் டீக்கடைத் தகரக் கூரைக்குக் கீழே வண்டியை ஏற்றுகிறார்கள். அடித்தள பார்க்கிங் வாசலில் எழுதியிருக்கும் உயரத்தையும் இனிமேல் படியுங்கள்.

குழாயை முதுகில் மாட்டிக்கொள்ளலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். நாலு அடிக்குக் குறைந்த துண்டுகளை மெத்தென்ற துணி உறையில் போட்டு மாட்டிக்கொள்ளலாம். கெட்டிக் குழாய் கூடாது. விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அதுதான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் வேகன்-ஆர் காரில் மதுரையிலிருந்து பாம்பன் போகிறோம். பன்னிரண்டு அடி ராடுகளை உள்ளே வைப்பதா, கூரை மேல் கட்டுவதா? உள்ளே வைத்தால் டேஷ்போர்டு வரை வருகிறது. (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் காரின் நீளம் முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை 3,655 மி.மீ. பன்னிரண்டு அடி என்பது 3,658 மி.மீ. பூட்டிய ராடு உங்கள் காரை விட 3 மி.மீ. நீளம்! கழற்றித்தான் ஆக வேண்டும்.

கழற்றினால் உள்ளேதான் வைக்க வேண்டும். பின் இருக்கையில் ஒரு பகுதியை மட்டும் மடக்குங்கள், மூன்றாமவர் மிச்ச இடத்தில் உட்காரட்டும். தடித்த அடிப்பக்கம் டிக்கியில், நுனி முன் இருக்கைகளின் நடுவில். டேஷ்போர்டு மேல் மட்டும் ஏற்றாதீர்கள். இடது பக்க டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. 2021 ஏப்ரலிலிருந்து புதிய மாடல்களில் முன்னால் இரண்டு பேருக்கும் அது கட்டாயம். அது வெடித்து விரியும் வேகத்தில் மேலே கிடக்கும் எதையும் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். கூரையோரக் கைப்பிடிகளில் பட்டை கட்டி ராடுகளைத் தொங்கவிடுவது பலருக்குப் பழக்கம். நல்ல வழிதான், ஆனால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அதுவும் வேண்டாம். எப்படி வைத்தாலும் அடிப்பக்கத்தை ஒரு பெல்ட்டால் எதிலாவது கட்டுங்கள். சடன் பிரேக் போட்டால் ராடு முன்னால் பாயும்.

என் மேசைக்கு வரும் ராடுகளில் மீன் ஒடித்தது குறைவு. டிக்கி கதவு ஒடித்ததுதான் அதிகம். அடுத்த இடம் வீட்டு சீலிங் ஃபேனுக்கு. ராடு உள்ளே இருப்பது தெரியாமல் வேறொருவர் அன்போடு டிக்கியை அறைந்து மூடுவார், நுனியில் ஒரு சாண் போய்விடும். அதனால் ராடை வைத்தவர்தான் டிக்கியையும் மூட வேண்டும். உங்கள் மூவருக்குள் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கூரைக் கேரியர் இருந்து, மேலேதான் கட்டப் போகிறீர்கள் என்றால் குழாய்க்குள் போட்டுக் கட்டுங்கள். குழாய் இல்லாமல் கட்டினால் அடிப்பக்கம் முன்னால், நுனி பின்னால் இருக்கட்டும். எதிர்க்காற்று அப்போது ராடைத் தடவிக்கொண்டு போகும். நுனி முன்னால் இருந்தால் காற்று அதைத் தூக்கித் தூக்கி அடிக்கும். லாரிக்குக் கட்டுவது போல் ராட்செட் பட்டையை முறுக்கி இறுக்காதீர்கள். கார்பன் ராடு உள்ளே வெற்றுக் குழல், பக்கவாட்டில் நசுங்கினால் அதற்குத் தாங்கும் சக்தி கிடையாது. மேலே கட்டியவர்கள் திருப்புவனத்தில் நிறுத்தி ஒரு முறை அசைத்துப் பாருங்கள். புதுக் கட்டு தளர்வது முதல் அரை மணி நேரத்தில்தான்.

அப்புறம் பாம்பன். 1988இல் திறந்த சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் கடல் மேலேயே போகிறது. பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில், 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்றால் அங்கே காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலத்தில் படம் எடுக்க நிறுத்திக் கதவைத் திறக்கும் பழக்கத்தை விடுங்கள். கதவு கைமீறி விரிந்து திரும்பி அடிக்கும், வெளியே எட்டிப்பார்க்கும் நுனி நடுவில் மாட்டும். போலீஸும் திட்டும்.

பாம்பனில் கைத்தூண்டில் போடும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றி, லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு நடந்து வருவார்கள். இந்தப் பகுதிக்கு அவர்களிடமிருந்து ஒரு கேள்வியும் வந்ததில்லை.

கேள்வி: என் கணவர் விரால் பிடிக்கப் போய்விட்டு ராடை அப்படியே கார் பின் இருக்கையில் போட்டுவிடுகிறார். போன வாரம் மகளின் கவுனில் தூண்டில் முள் ஏறிவிட்டது. கேட்டால் "ஒண்ணும் ஆகலையே" என்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள், அம்மா.

விராலுக்குப் போடும் தவளை இரையில் இரட்டை முள் இருக்கும், மேல்நோக்கி. ரப்பர் அமுங்கினால் முள் வெளியே வரும், அதன் வேலையே அதுதான். குழந்தையின் கை அமுக்கினாலும் வரும். ஒவ்வொரு முள்ளிலும் உள்நோக்கிய செதில் உண்டு, போகிற வழியில் திரும்பி வராது. கரையை விட்டுக் கிளம்பும் முன் இரையைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடுவது ஒரு நிமிட வேலை. ராடின் கைப்பிடிக்கு மேலே ஒரு சின்னக் கொக்கி இருக்கிறதே, அதில் மாட்டிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அது கரையில் இடம் மாறி நடக்கும்போது மாட்டி வைப்பதற்கு. குழந்தை உட்காரும் காரில் முள் கட்டிய ராடு ஏறக் கூடாது. இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

கேள்வி: கடற்கரை பக்கத்திலேயே வீடு. கழற்றிப் பூட்ட நேரமாகிறது என்று பூட்டிய ராடை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பைக்கில் போகிறோம். நடுவில் ஒரு ரயில்வே கேட் மட்டும்தான். ஆபத்தா? (கடலூர் வாசகர்)

பதில்: அந்த "மட்டும்தான்" என்பதுதான் ஆபத்து.

மின்மயமான பாதையில் மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். உங்கள் ராடு எதனால் ஆனது என்று அடிப்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். கார்பன், கிராஃபைட் என்று போட்டிருந்தால் அது மின்சாரம் கடத்தும் பொருள். கிளாஸ் ஃபைபர் கடத்தாது என்று தைரியம் வேண்டாம். உப்புத்தண்ணீரில் நனைந்த ராடும் நரம்பும் நம்பக்கூடியவை அல்ல.

பைக்கில் உட்கார்ந்தவர் பன்னிரண்டு அடி ராடை மடியிலிருந்து நிமிர்த்திப் பிடித்தால் நுனி தரையிலிருந்து பதினைந்து அடியைத் தொடும், கையை உயர்த்தினால் இன்னும் மேலே போகும். கேட்டுக்கு இரண்டு பக்கமும் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். உயரமான சுமையோடு வரும் லாரியை அதுவே தடுத்துவிடும். வளைந்து கொடுக்கும் ராடு நுனி அதில் தட்டி, வளைந்து, தாண்டி நிமிரும். நிமிர்ந்த இடத்துக்கு மேலே கம்பி. இந்த அளவு மின்னழுத்தத்தில் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவும். கிராமத்து ரோட்டின் 11,000 வோல்ட் லைனும் அப்படியே, அதுவும் மரத்தடியில் தொய்ந்து தொங்குமே, அந்த இடங்கள்.

கழற்றிப் பூட்ட எவ்வளவு நேரம் ஆகிறது? நரம்பை வளையங்களில் கோக்கத்தான் நேரம், அதுதானே தொந்தரவு? அதற்கு நரம்பை அறுக்கவே வேண்டாம். முள்ளையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு, ரீலைக் கொஞ்சம் தளர்த்தி, துண்டுகளைப் பிரித்துப் பக்கத்தில் பக்கம் சேர்த்து, மேலும் கீழும் வெல்க்ரோ பட்டை சுற்றிவிடுங்கள். நரம்பு வளையங்களிலேயே இருக்கும். கரையில் போய்ச் செருகினால் முடிந்தது. சேர்க்கும்போது நடுவில் ஒரு துணி இருந்தால் ஒரு துண்டின் வளையம் இன்னொரு துண்டின் மேல் உராயாது.

இடி மின்னலில் கரையில் ராடை நிமிர்த்தி வைத்துக் காத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். படுக்க வைத்துவிட்டுக் காருக்குள் போங்கள்.

கேள்வி: ராடு கீழே விழவில்லை, எதிலும் மோதவில்லை. பாறை மீன் மாட்டியது, இழுத்தேன், நடுவில் சடக்கென்று போய்விட்டது. மீன் இரண்டு கிலோகூட இருக்காது. கம்பெனி சரக்கு மோசமா? (வேம்பார் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒடிந்த வாயில் நார் நாராகப் பிரிந்தது ஒரு பக்கம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் சுத்தமாக, கத்தியால் வெட்டியது போல் இருக்கிறது. அந்தச் சுத்தமான ஓரத்துக்கு மேலே ஒரு விரல் அகலத்தில் வார்னிஷில் பிறை வடிவத்தில் வெள்ளைக் கோடுகள், ஒன்றல்ல, வரிசையாக. அடிப்பட்ட தழும்பு அது.

கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், "ஈயத்தோடு பூட்டியே பிக்-அப்பில் வைத்திருப்பேன்" என்று. நூறு கிராம் ஈயக்குண்டை நடு வளையத்தில் மாட்டிவிட்டுப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரை ஒவ்வொரு குழியிலும் குண்டு ஆடி ஆடி ஒரே இடத்தில் தட்டியிருக்கிறது. கார்பன் நார்கள் நீளவாக்கில் இழுப்பதற்குப் பிரமாதமாகத் தாங்கும். பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டினால் உள்ளே நார் அறுந்துவிடும், வெளியே கீறல்தான் தெரியும். அப்புறம் வளைந்த முதல் நல்ல நாளில் அந்த இடத்தில் ஒடியும். பாவம், பாறை மீன் மீது பழி.

வளையங்களையும் பார்த்தேன். உள்ளே செராமிக் வட்டம் இருக்கிறதல்லவா, மூன்றாவதில் மயிரிழை விரிசல். கண்ணுக்குத் தெரியாது. காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு நார் அங்கே மாட்டும். அந்த வளையத்தோடு மீன் பிடித்தால் நரம்பு அறுந்துகொண்டே இருக்கும், நீங்கள் நரம்புக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒடிந்த இடத்தில் உள்ளே குச்சி செருகி ஒட்டித் தருகிறேன். வளைவு முன்பு போல இருக்காது. கடலோரம் கெளுத்திக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் ராடு கொண்டு போகலாமா? (கோவை வாசகர்)

பதில்: கொண்டு போகலாம். பெட்டியின் அளவுக்கு ரயில்வே வைத்திருக்கும் எல்லை 100 செ.மீ. நீளம், 60 அகலம், 25 உயரம். அதற்கு மேல் போனால் பிரேக் வேனில் (ரயிலின் சரக்குப் பெட்டியில்) பதிந்து அனுப்பச் சொல்லலாம். மூன்று துண்டு பன்னிரண்டு அடி ராடுகூட மூட்டுக்கு மூட்டு 125 செ.மீ.-ஐத் தாண்டும். பெரும்பாலும் யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆனால் பிரேக் வேனில் போய்த் திரும்பி வந்த ராடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த நிலைமை உங்களுக்கு வேண்டாம். ரயிலில்தான் அடிக்கடி போவீர்கள் என்றால் ஒரு மீட்டருக்குள் அடங்கும் நாலு, ஐந்து துண்டு ராடு வாங்குங்கள். கீழ் பெர்த்துக்கு அடியில் சுவரோரமாக வையுங்கள். மேலே வைத்தால் அதற்கு மேல் யாராவது ட்ரங்குப் பெட்டி ஏற்றுவார்கள்.

கேள்வி: பின்னால் சிவப்புத் துணி கட்டிவிட்டால் ராடு நீட்டிக்கொண்டிருக்கலாம்தானே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: சிவப்புத் துணி கட்டினால் விதி தளர்ந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 194(1ஏ) பிரிவின்படி, சுமை அனுமதித்த அளவைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ பக்கத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல மூன்று துண்டு ராடு ஒன்றும் ரீலும் வாங்கிவிடலாம்.

கேள்வி: இவ்வளவு பாடும் வேண்டாம், மடக்கு ராடே வாங்கிவிடலாமா? (காரைக்கால் வாசகர்)

பதில்: ஸ்கூட்டரில் போகிறவர் என்றால் தாராளமாக வாங்குங்கள். பன்னிரண்டு அடி மடக்கு ராடு சுருக்கினால் நாலு அடி பக்கத்தில் வந்துவிடும். கடையில் கழற்று ராடுதான் உசத்தி என்பார்கள். எறியும் தூரத்தில் உண்மை. ஆனால் வீட்டு மூலையில் நிற்கும் உசந்த ராடை விட வண்டியில் ஏறும் சுமார் ராடு நிறைய மீன் பிடிக்கும். ராடு வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் மடக்கிய நீளத்தைக் கேளுங்கள், அதுதான் உங்களோடு ரோட்டில் வரப்போகிற நீளம்.

மடக்கு ராடின் எதிரி மணல். மூட்டுக்குள் மணல் போனால் அரைத்து அரைத்து, பிறகு மாட்டிக்கொண்டு சுருங்காது. பலம் போட்டு முறுக்காதீர்கள். கிளம்பும் முன் கரையிலேயே ஒவ்வொரு துண்டையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே உள்ளே தள்ளுங்கள், அதே துணியில் உப்பும் போய்விடும். சுருக்கிய பிறகு வளையங்கள் எல்லாம் மேலே குவிந்து ஒன்றையொன்று தட்டும், வண்டியில் அதைச் சும்மா விட்டால் வேம்பார்க்காரர் கதைதான். ராடோடு ஒரு பிளாஸ்டிக் மூடி தருவார்கள், அதைத் தொலைக்காதவர் யாரும் இல்லை. தொலைத்திருந்தால் பழைய காலுறை ஒன்றை அந்த முனையில் நுழைத்து, ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள், போதும். வீட்டுக்கு வந்ததும் உறையை விட்டு எடுத்து நிழலில் காயப் போடுங்கள், ஃபேன் இல்லாத பக்கமாக.